விண்கப்பலில் கட்டிய காப்பு

இதுவரை நான் எழுதி அச்சில் வந்த கதை ஒன்றே ஒன்றுதான். அறிவியல் புனைவு. முந்நூறு குடும்பங்களை ஏற்றிக்கொண்டு வேறொரு சூரியனைத் தேடிப் போகிற விண்கப்பல் ஒன்று அதில் வரும். போய்ச்சேரப் பல தலைமுறை ஆகும். கப்பலை ஓட்டுவது ஓர் இயந்திரம். அங்கே எல்லோரும் அதைத் ‘தாய்’ என்பார்கள். வருடத்தில் பத்து நாள் தாய் தன் பாதையைத் திருத்திக்கொள்ளும். அந்தப் பத்து நாளும் ஆண்களின் மணிக்கட்டில் மஞ்சள் வளையம் மாட்டப்படும். அதைக் கழற்றும்வரை புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகப் படுக்கக் கூடாது. மீறினால் கப்பல் வழி தவறும், யாராவது ஓர் உயிர் போகும். யார் மீறியது என்று தாய் உடனே கேட்காது. பிள்ளை பிறக்கிற தேதியிலிருந்து பின்னால் எண்ணிக் கண்டுபிடிக்கும். அப்படி அகப்படுகிற பிள்ளைக்குக் ‘காப்புப் பிள்ளை’ என்று பெயர் வைத்தேன். நானே உண்டாக்கிய சொல். அதில் எனக்கு நிறையவே பெருமை இருந்தது.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிள்ளைக்குக் கிழக்கே கடலை ஒட்டிய ஊர் எங்களுடையது. வைகாசியில் அம்மனுக்குக் காப்புக் கட்டுவோம். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு முடிந்து, விரதம் இருக்கிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்வார்கள். முதுகில் கொக்கி மாட்டித் தேர் இழுக்கிற செடல் வரைக்கும் பத்து நாள். மீன் கிடையாது. கட்டில் கிடையாது. கட்டியவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு கோயில் பந்தலுக்குப் போய்விடுவார்கள். இதில் ஒரு கொடுமை உண்டு. விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தில்தான் எங்கள் திருவிழா வரும். வருடம் முழுக்கக் கடலில் கிடக்கிற ஆண்கள் அந்த இரண்டு மாதம்தான் ஒழுங்காக வீட்டில் இருப்பார்கள். அதிலும் பத்து நாளை அம்மன் எடுத்துக்கொள்வாள்.

கரகம் எடுக்கிற உரிமை என் அக்கா புருஷன் குடும்பத்துக்கு. அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். கடலூர் துறைமுகத்திலிருந்து போகிற விசைப்படகில் வேலை. அதிகம் பேச மாட்டார். வேப்பிலைக் கரகத்தைத் தலையில் ஏற்றிவிட்டால் கையால் பிடிக்காமல் ஊரை மூன்று சுற்று வருவார். அந்தப் பத்து நாளில் பெரியவர்கள்கூட அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா மீன் கூடையோடு சிதம்பரத்துக்கு பஸ் ஏறிவிட்டால் என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அதனால் அவள் போகவில்லை. நான் பள்ளியில் சேர்ந்தபோது, அவளுக்குச் சேர்கிற வயது தாண்டியிருந்தது. இன்றைக்கும் பஸ்ஸை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். நான் படித்த படிப்பில் பாதி அவளுடையது என்று கல்லூரிக் காலத்தில் யாரிடமாவது சொல்லுவேன். சொல்லும்போது எனக்கே கண் கலங்கும். அத்தோடு சரி.

சிதம்பரத்தில் இயற்பியல் படித்த ஐந்து வருடமும் பாடப் புத்தகத்தைவிட விண்வெளிக் கதைகளைத்தான் அதிகம் படித்தேன். தமிழில் கிடைத்தது, மொழிபெயர்த்தது, ஆங்கிலத்தில் அகராதியை வைத்துக்கொண்டு முட்டி மோதிப் படித்தது என்று எல்லாம். சாமியும் படுக்கையும் வருகிற இடத்தில் பெரும்பாலான கதைகள் ஒரே மாதிரி நடந்துகொண்டன. எதிர்காலத்துச் சாமி ஒன்று கொடுங்கோலனாக இருக்கும், இல்லை கம்ப்யூட்டராக இருக்கும். படுக்கை என்று வந்தால் அது கலகம். தடை போட்ட கடவுளை எதிர்த்து இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். கடைசிப் பக்கத்தில் கடவுளின் ஒயர் அறுந்துபோகும். தமிழில் எழுதியவர்கள் இன்னும் ஜாக்கிரதை. மூவாயிரமாவது வருடத்தில் எல்லோரும் மாத்திரை சாப்பிடுவார்கள். விரலோடு விரல் வைத்தால் பிள்ளை பிறக்கும். கோயிலை அருங்காட்சியகத்தில் போய்ப் பார்ப்பார்கள். கிளம்புகிற ராக்கெட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க ஒருத்தனுக்கும் தோன்றாது. மாதவிலக்கான பெண் அந்த ராக்கெட்டில் எங்கே உட்காருவாள் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்போது எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. சுத்தமாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் சாமியும் உடம்பும் ஒரே கயிற்றில் முடிந்து கிடந்தன. இந்தக் கதைகளில் அதை அவிழ்த்துத் தனித்தனியாக வைத்திருந்தார்கள். அவிழ்க்கத் தெரிந்தவன்தான் படித்தவன் என்று நினைத்தேன்.

ஐந்தாவது வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. மாசி மகத்துக்கு ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்குக் கிள்ளைக் கடலுக்கு வந்துபோன மூன்றாம் நாள். சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஹாஸ்டல் பக்கம் என்பதால் காலையில் இட்லியும் வெந்நீர் பிளாஸ்க்கும் கொண்டுபோவது என் வேலை. ஊரிலிருந்து நான்கைந்து பெண்கள் பார்க்க வந்தார்கள். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“டாக்டரு குடுத்த தேதிக்கு முன்னாடியே வந்துட்டாளா?” என்றார் ஒரு சித்தி.

“ஆமாஞ் சித்தி. கொறை மாசம்” என்றாள் அக்கா.

குறை மாதப் பிள்ளை மூன்று கிலோவுக்கு மேல் இருந்தது. சித்தி பிள்ளையின் தொடையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, “அப்புடித்தான் முன்ன பின்ன ஆவும்” என்று சொல்லி மாலைப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். மற்றவர்களும் வேறு பேச்சுப் பேசிக்கொண்டே போனார்கள்.

அவர்கள் போன பிறகு அக்காவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ஏன்டா, கணக்குல நீ புலியாச்சே. எண்ணிப் பாத்தியா?”

“எதுக்கா?”

“வைகாசிலேருந்து எண்ணுடா, லூசு.”

எண்ணினேன். அவளே சொல்லிவிட்டாள். காப்புக் கட்டிய ஆறாம் நாள். உச்சி வெயில் நேரத்தில் திடீரென்று கோடை மழை. மஞ்சளில் நனைக்க வேட்டி எடுக்க மாமா வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் வேறு யாரும் இல்லை.

“வேட்டி எடுக்க வந்த ஆளு, மழ வுட்டப்பறந்தான் போனாரு” என்றாள். “அப்பறம் ஒரே அழுவ. கையில கயிறோட இப்புடிப் பண்ணிட்டேனேன்னு. நாந்தான் சொன்னேன், அம்மனுக்குத் தெரியாததா? அவளும் பொம்பளதான. வருசம் பூரா கடல்ல கெடக்குற ஆளு வூட்டுல நிக்கிறப்ப ஒருத்திக்கு இன்னா தோணும்னு அவளுக்கு ஒருத்தர் சொல்லணுமா? ‘நான் பாத்துக்குறேன், நீங்க போங்க’ன்னு அனுப்பி வுட்டுட்டு, நேரா அவகிட்ட போயி நின்னேன். குத்தமா நெனச்சா என்னைக் கேளு, அந்த ஆள வுட்டுடு. குத்தமில்லன்னா ஒரு பொண்ணக் குடு, உம் பேரையே வைக்கிறேன்னு சொன்னேன். பாரு, பொண்ணாவே குடுத்துட்டா.”

பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள். அவள் முகத்தில் பயமே இல்லை. என்னிடம் சொன்னதற்குக் காரணம், நான் அவள் இடுப்பில் வளர்ந்தவன் என்பது மட்டும்தான்.

இடையில் ஒரு சாவும் நடந்திருந்தது. அந்த வருடம் ஐப்பசியில், அதாவது அக்கா ஐந்து மாதமாக இருந்தபோது, அவள் புகுந்த வீட்டுக்கு அடுத்த வீட்டுப் பையன் ஃபைபர் போட்டில் போய் முகத்துவாரத்தில் அலை புரட்டிச் செத்துப்போனான். என் வயதுக்காரன். எனக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தவன். அவன் அம்மா எங்களுக்குப் பெரியம்மா முறை. காற்றையும் மணல்மேட்டையும் இஞ்சினையும் திட்டினார்கள். வைகாசியையும் ஐப்பசியையும் சேர்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை.

படிப்பு முடிந்து கடலூரில் ஒரு டியூஷன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். நான்கு வருடம் போனது. அறையில் உட்கார்ந்து அந்தக் கதையை எழுதினேன். ஊரைப் பற்றி நேராக எழுதினால் ஊர் சும்மா இருக்காது. விண்வெளியில் வைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கேட்டால் கற்பனை என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தத் தைரியத்தைத்தான் நான் அறிவியல் புனைவின் சுதந்திரம் என்று நம்பினேன்.

முதலில் எழுதியதில் அக்கா சொன்னது அப்படியே இருந்தது. விதியை மீறிய பெண் இயந்திரத்தின் முன்னால் போய் நிற்பாள். “உனக்குத் தெரியாததா? நீயும் பெண்தானே” என்பாள். தாய் பதில் சொல்லாது. ஆனால் அந்த ஒரு நாளை எண்ணாமல் விட்டுவிடும். கதை அங்கே முடிந்தது.

கடலூரில் சிறுபத்திரிகை நடத்துகிற ஒருவரிடம் கொடுத்தேன். டீக்கடையில் வைத்துப் படித்தார். படித்து முடிக்கும்வரை நான் டீயைக் குடிக்கவில்லை.

“தம்பி, பிரமாதம்” என்றார். “காமத்தையும் சமயத்தையும் நம்ம அறிவியல் புனைவுல இப்புடி யாரும் தொட்டதில்ல. ஆனா முடிவுல வுழுந்துடுச்சு. சாமி மன்னிச்சிட்டா அப்பறம் கதை எங்க இருக்கு? இது பக்திக் கதையா ஆயிடுது. மிஷின் எரக்கப்படக் கூடாது. அது எண்ணணும், கண்டுபிடிக்கணும், ஒரு உசுரு போவணும்.”

“அந்தப் பொண்ணு பேசுறது, சார்?”

“அதான் முக்கியமா தூக்க வேண்டியது. சென்டிமென்ட்.”

தூக்கினேன். அவரைக் குறை சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் சொன்னது எனக்கும் சரியென்று பட்டது. நான் படித்த கதைகளில் எந்தக் கடவுளும் எண்ணாமல் விட்டதில்லை. உயிர் ஒன்று போக வேண்டும் என்றாரே, அதற்கும் நான் அதிகம் யோசிக்கவில்லை. கப்பலின் வெளிச்சுவரைப் பழுது பார்க்கிற இளைஞன் ஒருவன் கயிறு அறுந்து இருட்டில் மிதந்து போய்விடுவான். அவன் தாய்க்கு உடல்கூடக் கிடைக்காது. ஐப்பசியில் செத்தவனை எடுத்து அங்கே போட்டேன். ஊரில் ஒருத்தரும் சேர்த்துப் பார்க்காத இரண்டையும் முடிச்சுப் போட்டது நான். கதைக்கு அந்த முடிச்சுத் தேவைப்பட்டது.

பத்திரிகை வந்ததும் ஊருக்கு எடுத்துக்கொண்டு போனேன். அக்கா வாசலில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து என் போட்டோவைத் தொட்டுப் பார்த்தாள்.

“படிச்சுக் காட்டுடா.”

படித்துக் காட்டினேன். கப்பல் கிளம்புவது, நட்சத்திரங்கள், முந்நூறு குடும்பம், தாய் என்கிற இயந்திரம். மஞ்சள் வளையம் வருகிற பக்கம் வந்தது. என் குரல் ஒரு வரிகூடத் தடுமாறவில்லை. இரண்டு பக்கத்தைத் தாண்டி, கப்பல் ஒரு வால்நட்சத்திரத்தைக் கடக்கிற இடத்துக்குப் போய்விட்டேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. நான் பக்கத்தைத் திருப்பியதை அவள் பார்த்தாள். திருப்பியது ஒன்றா இரண்டா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

“நல்லாருக்குடா” என்றாள். “அத்தினி பேருக்கும் அங்க மீனு கெடைக்குமா?”

“தொட்டியில வளப்பாங்க, அக்கா.”

“வளப்பு மீனா? ருசி இருக்காதே” என்று சொல்லி நண்டுக்குத் திரும்பிவிட்டாள்.

கொஞ்ச நாளில் கடலூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ‘அறிவியல் புனைவில் காமமும் சமயமும்’ என்று ஒரு கூட்டம் நடந்தது. இருபது பேர் இருந்திருப்பார்கள். என் கதையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். மதம் உடலை எப்படிக் கண்காணிக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உருவகம் இல்லை என்றார் ஒருவர். ஒரு பெண் மட்டும் எழுந்து, “அந்தப் பொம்பள இன்னா நெனச்சா? கதை முழுக்க அவ வாயே தொறக்கலியே” என்று கேட்டார். அவளுடைய மௌனம் ஒரு குறியீடு என்று நான் மைக்கில் பதில் சொன்னேன். கைதட்டினார்கள். அந்தப் பெண் தட்டவில்லை.

இதற்குள் எங்கள் ஊர் இளைஞர்கள் பஸ் நிறுத்தத்தில் எனக்கு ஃபிளெக்ஸ் வைத்திருந்தார்கள். ‘எங்கள் மண்ணின் எழுத்தாளருக்கு வாழ்த்துகள்.’ பக்கத்தில் ராக்கெட் படம். கதையை ஒருவரும் படித்திருக்கவில்லை. படிக்கத் தெரியாதவர்களும் கேட்கட்டும் என்று, நர்சிங் படிக்கிற ஒரு பெண் முழுக் கதையையும் வாசித்து மூன்று ஆடியோவாக ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். அருமையாக வாசித்திருந்தாள். ஒரு வரி விடவில்லை.

விண்வெளி என்பது எங்கள் ஊரில் ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. இரண்டாவது ஆடியோ முடிவதற்குள் வலை பின்னுகிற இடத்தில் எல்லோரும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். வைகாசி, ஆனி, ஆடி. கரகம் எடுக்கிறவன் வீட்டில் மாசியில் பிறந்தது எது? ஐப்பசியில் போனது யார்? கணக்கு சொல்லிக்கொடுத்தவன் அந்த வீட்டு மச்சான். அவனுக்குத் தெரியாமலா எழுதுவான்?

விஷயம் கேள்விப்பட்டு நான் ஊருக்குப் போனபோது அக்கா மாமாவின் செல்லைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆடியோ ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. மஞ்சள் வளையம், பின்னால் எண்ணுவது, காப்புப் பிள்ளை, கயிறு அறுந்தவன் என்று எல்லாம் வந்து முடிந்தது.

“நீ அன்னிக்கிப் படிச்சப்ப இது வரலியே” என்றாள்.

நான் ஏதோ சொன்னேன். கற்பனை, உருவகம், எடிட்டர்.

“நான் சொன்னத எழுதிருக்க. சரி, எழுதிட்ட. அம்மன்கிட்ட போயி நின்னேன்னு சொன்னேனே, அது எங்க?”

“அத எடுத்துட்டாங்க, அக்கா.”

“யாரு?”

“நாந்தான்.”

அப்போதுதான் பெரியம்மா வந்தார். நீந்தக் கற்றுக்கொடுத்தவனின் அம்மா. உள்ளே வரவில்லை. வாசற்படிக்கு வெளியே நின்றபடி அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

“ஏன்டி, நீங்க ரெண்டு பேரும் படுத்து எழுந்ததுக்கு எம்புள்ளயாடி கெடச்சான்?”

அக்கா எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள். பெரியம்மா உதறினார்.

“அஞ்சு வருஷமா நான் காத்தத் திட்டிகினு இருந்தேன். வந்து எம் பக்கத்துல உக்காந்து நீயுந்தான திட்டுன?”

அவர் அழவில்லை. போய்விட்டார். அக்கா மகளைப் பிறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவர் அவர். தன் மகன் போன பிறகு எங்கள் பிள்ளைக்குத்தான் முதல் சோறு ஊட்டுவார்.

பஞ்சாயத்து அடுத்த வெள்ளிக்கிழமை காலை, கோயில் முன்னால். இன்னும் மூன்று வாரத்தில் காப்புக் கட்டு. கரகம் யார் எடுப்பது என்று தெரிய வேண்டும். அக்காவும் மாமாவும் பிள்ளையும் ஒரு பக்கம் நின்றார்கள். என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள்.

“கதையா, நடந்ததா? அத மட்டும் சொல்லு தம்பி” என்றார் ஊர்த் தலைவர்.

“கதைதாங்க. எல்லாம் நானா யோசிச்சது.”

“அப்ப அடிச்சுச் சொல்லு.”

தட்டில் கற்பூரம் ஏற்றி நீட்டினார்கள். எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சொல்வதுதான் எங்கள் ஊரில் சத்தியம். அதற்குப் பிறகு பேச்சுக் கிடையாது. நான் யோசிக்கவே இல்லை. அக்காவைக் காப்பாற்ற ஒரு பொய், அதுவும் ஒரு கற்பூரக் கட்டியின் முன்னால். அடித்தேன். கை சுட்டது. அணைந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பஞ்சாயத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்தார்.

“இவனுக்குத்தான் சாமியே மிஷினாச்சேப்பா. இவன் அணைச்சா இன்னா, அணைக்காட்டி இன்னா?”

பெண்கள் பக்கத்திலும் சிரிப்பு எழுந்தது. அவர் சொன்னது நியாயம். நாலு வருடம் யோசித்து எழுதிய கதையில் நான் நிறுவியது அதைத்தான். என் சத்தியத்தை நானே முன்கூட்டிச் செல்லாததாக்கி, அச்சடித்து, கைதட்டலும் வாங்கியிருந்தேன்.

“நீ வாப்பா” என்று மாமாவைக் கூப்பிட்டார் தலைவர். குரலில் கடுமை இல்லை. “ஒனக்கு நாங்க எதுவும் சொல்லல. ஒரு தட்டு. தட்டிட்டு வழக்கம்போல கரகத்த எடு.”

புதிதாகக் கற்பூரம் வைத்தார்கள். மாமா போய் நின்றார். கையைத் தூக்கினார். அவர் தட்டிவிடுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தட்டிவிட வேண்டும் என்று விரும்பினார்கள் என்றுகூடச் சொல்வேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை மட்டும், “அப்பா, சுடும்” என்றது.

மாமா கையை இறக்கினார். ஒரு கற்பூரக் கட்டி தானாக எரிந்து முடிய எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

திரும்பி நடக்கும்போது அவர் பின்னாலேயே ஓடினேன். “ஏன் மாமா? அணைச்சிருந்தா முடிஞ்சிருக்குமே.”

அவர் நிற்கவில்லை. “ஒனக்கு அது கற்பூரம். எனக்கு அவ” என்றார். அதற்குப் பிறகு என்னிடம் பேசியதில்லை.

கரகம் அவருடைய பங்காளி வீட்டுக்குப் போனது. திருவிழாப் பத்து நாளும் மாமா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். மேளச் சத்தம் அந்தத் தெருவைத் தாண்டும்போது எப்படி இருந்திருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் தொடையைக் கிள்ளிவிட்டு ‘முன்ன பின்ன ஆவும்’ என்று பஸ் ஏறிய சித்தியை அன்று நான் மனசுக்குள் கேலி செய்தேன். தெரிந்தும் தெரியாத மாதிரி நடிக்கிற ஊர் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் மாசியில் பிறந்த பிள்ளை என் அக்கா மகள் மட்டும் இல்லை. ஒவ்வொரு மாசியிலும் ஒன்றிரண்டு குறை மாதப் பிள்ளைகள் கொழுகொழுவென்று பிறந்துகொண்டுதான் இருந்தன. அம்மனும் எண்ணவில்லை, அந்தப் பெண்களும் எண்ணவில்லை. காப்பை வைத்துக்கொண்டே ஆளையும் காப்பாற்ற அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஊருக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தது நான். இரக்கமில்லாத இயந்திரம் என்று விண்வெளியில் ஒன்றைத் தேடிப்போய் எழுதினேன். அது டியூஷன் சென்டரில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தது.

பத்திரிகைக்காரர் போன் செய்தார். அந்தக் கதையை ஒரு தொகுப்பில் சேர்க்கிறார்களாம். வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். “இதையே ஒரு கதையா எழுதலாமே தம்பி” என்றார். நான் போனை வைத்துவிட்டேன். இப்போது எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பிள்ளைக்கு அந்த வைகாசியில் அம்மன் கோயிலில் காது குத்துவதாக வேண்டுதல் இருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. பிள்ளை பிறந்த நாளிலிருந்து, “ஒம் மடியில அழப்போறா பாரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கோயிலில் இப்போதைக்கு வேண்டாம் என்று பஞ்சாயத்தார் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். தள்ளிப்போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பட்டுப் பாவாடை எடுத்து வைத்திருந்தேன்.

ஆடியில் ஊருக்குப் போனபோது அதையும் கொண்டுபோனேன். அக்கா உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். பிள்ளை ஓடி வந்தது. இரண்டு காதிலும் கடுகு மாதிரிப் பொட்டுத் தோடு.

“எப்ப குத்துனாங்க?”

“கடலூர்ல. நகைக்கடையில. துப்பாக்கி மாதிரி வச்சு டப்புன்னு அடிச்சாங்க, மாமா.”

“யாரு மடியில உக்காந்த?”

“ஸ்டூல்ல.”

“அழுதியா?”

“இல்லியே.” காதைத் தொட்டுக்கொண்டது. பாவாடையைப் பிரித்துப் பார்த்தது. பிறகு என் முட்டியில் சாய்ந்துகொண்டு கேட்டது: “மாமா, காப்புப் பிள்ளைன்னா நல்ல பேரா, கெட்ட பேரா? ஸ்கூல்ல பெரிய பசங்க அப்புடித்தான் கூப்புடுறாங்க. நீதான் வச்சியாமே?”

நான் உள்ளே பார்த்தேன். அக்கா சோற்றுப் பானையை நிமிர்த்தி வைத்துவிட்டு வாசலுக்கு வந்து நின்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

“கேக்குறால்ல, சொல்லு” என்றாள். “இந்த எடத்தையும் வுட்டுட்டுப் படிச்சுடாத.”